அடுப்பை ஃபிரிட்ஜில் வைத்த கிழமை

பெப். 8, ஞாயிறு

வெயில். கடற்காற்று துளியும் இல்லை. பால்கனி அலமாரி துப்புரவு. இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டது.

வெளியே வந்தவை: உடைந்த குடை இரண்டு, மகள் யாழியின் மூன்றாம் வகுப்புச் சப்பாத்து, எதற்கென்று யாருக்கும் தெரியாத சாவிகள் ஒரு பேணி நிறைய, ஒற்றைக் கையுறை, அடியில் அடுப்பு.

மலைக்குக் கொண்டுபோகிற மண்ணெண்ணெய் அடுப்பு. மடிக்கிற மாதிரி மூன்று கால், எண்ணெய் ஊற்றுகிற பித்தளைத் தாங்கி, தாங்கியின் பக்கவாட்டில் காற்றடிக்கும் பம்ப். எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். மூன்று வருடம் யாரும் தொடவில்லை. வெள்ளவத்தை உப்புக்காற்று பெட்டியைத் தின்றுவிட்டது, பித்தளையில் பச்சை.

ரா. எட்டிப் பார்த்தார். (என் கணவருக்கு இந்தக் கொப்பியில் ரா. என்று பெயர். ராஜன் என்று முழுதாக எழுதியிருந்தால் அன்றைக்கு எனக்குக் கோபம்.)

"உதை ஏன் இன்னும் வச்சிருக்கிறீர்? பழைய இரும்புக்காரன் வந்தாக் குடுத்துவிடும்."

"வேலை செய்யாதோ?"

"நல்ல அடுப்பு. வேலை தெரியாதவன்ர கையில போச்சுது."

வேலை தெரியாதவன் என்றால் என் தம்பி சுதன். ரா. அவன் பெயரைச் சொல்வதில்லை.

பின்னேரம் ரா.வோடு கந்தோரில் வேலை செய்கிற நுவன் ஃபோன். 21ஆம் திகதி சனி, மனைவி பிள்ளையோடு ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் அடிக்கப் போகிறானாம். யாரிடமாவது அடுப்பு இரவல் கிடைக்குமா என்று. ரா. சிங்களத்தில், இருக்கு, ஆனால் பம்ப் பழுது என்றார். நான் குசினிக்குள் நின்று, "திருத்தித் தாறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். ஏன் சொன்னேன்? வாய்.

பல்லுக் கட்டுகிறவளுக்கு ஒரு பம்ப் பெரிய காரியமா? பார்ப்போம்.

பெப். 9, திங்கள்

காலையில் தூறல், பத்து நிமிடம். அதற்குப் பிறகு பழையபடி புழுக்கம்.

பம்பைத் தாங்கியோடு பையில் போட்டுக்கொண்டு லாப் போனேன். ஹெவ்லொக் டவுனில் பல் செய்கிற எங்கள் லாப்பில் பதினெட்டு வருடம் கழிந்துவிட்டது, சொந்தச் சாமான் ஒன்றை அங்கே கொண்டுபோனது இதுதான் முதல்தரம். மத்தியானம் சாப்பிடாமல் பெரிதாக்கும் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தேன்.

பம்ப் என்பது இவ்வளவுதான். மூடியைத் திருகினால் தண்டு முழுதாக வெளியே வரும். நுனியில் கிண்ணம் மாதிரி வளைந்த ஒரு தோல். கடைக்காரர் அதை லெதர் என்பார்கள். தண்டைத் தள்ளும்போது தோலின் விளிம்பு விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டும், காற்று முன்னே போகும். இழுக்கும்போது விளிம்பு சுருங்கி வழிவிடும். குழாயின் அடியில் ஒரு வால்வ். உள்ளே மிளகளவு ரப்பர். போன காற்றைத் திரும்ப விடாது.

எங்கள் லெதர் காய்ந்து, விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கம் வெடிப்பு. சும்மா கிடந்ததால் வந்த கேடு. வால்வ் குழாயின் அடியில் இருக்கிறது, என்னிடம் இருக்கிற எந்தச் சாவியும் எட்டவில்லை.

பக்கத்து மேசை மல்காந்தி: "மொனவத மே? என்ன இது, யாருடைய பல்?"

அடுப்பின் பல் என்றேன்.

பெப். 10, செவ்வாய்

ஒரு கடைவாய்ப் பல், ஒரு முழுச் செற். யாழிக்குக் கணிதப் பரீட்சை, லேசாம். நம்பவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் இதுவரை எங்கும் எழுதவில்லை. எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஜனவரி. ரா., நான், யாழி, சுதன். ரா.வும் சுதனும் சேர்ந்து, கொழும்பு ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் ஒரு சின்னத் தொழில் தொடங்க இருந்தார்கள். வான் வண்டி ரா.வுடையது, மலை சுதனுடையது. சுதனுக்கு ஒவ்வொரு பாதையும் தெரியும். இந்தப் பயணம் ஒத்திகை. அடுப்பைத் திருத்திப் பரிசோதித்து எடுத்து வரவேண்டியது சுதன். போவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். புது லெதர் போட்டிருக்கிறேன், பதினைந்து தரம் பம்ப் அடித்தால் பற்றுகிறது என்றான்.

மேலே போய்ச் சேரப் பின்னேரம். அப்படி ஒரு குளிர். சுதன் பம்ப் அடித்தான், அடித்தான், காற்று ஏறவே இல்லை. அரை மணித்தியாலம். விறகு எரிக்க அங்கே விடமாட்டார்கள். சுடுதண்ணீர் இல்லை, தேத்தண்ணீர் இல்லை. இருட்டமுதல் யாழிக்கு மூச்சிழுப்புத் தொடங்கிவிட்டது, உதடு நீலம். கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அடுத்த நாள் பிள்ளை சுகம்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் எல்லார் முன்னாலும் ரா. அவனிடம்: "ஒரு அடுப்புப் பார்க்கத் தெரியாத உன்னை நம்பி நான் நாயைக்கூட மலைக்கு அனுப்பமாட்டன்."

சுதன் ரா.வைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். ரா. பேசியது எனக்கு வெட்கமாக இருந்தது, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொழும்புக்கு வந்து ரா. பால்கனியில் வைத்துப் பத்து அடி அடித்தார். அடுப்பு ஜோராகப் பற்றியது. "பார்த்தீரோ? அடுப்பில பிழையில்லை. ஆளிலதான் பிழை." தொழில் கதை அன்றோடு முடிந்தது. சுதன் கொட்டாஞ்சேனையில் ஒரு பார்சல் அனுப்பும் கந்தோரில் கவுண்டரில் நிற்கிறான். எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. தீபாவளிக்கு ஒரு ஃபோன், யாழியோடு மட்டும்.

எனக்கு ஒரே கேள்விதான். இங்கே பற்றியது அங்கே ஏன் பற்றவில்லை? அவனுக்கு பம்ப் அடிக்கத் தெரியாது என்பதை நான் அன்றும் நம்பவில்லை. ஆனால் வாய் திறந்து சொல்லவுமில்லை.

பெப். 11, புதன்

அரை நாள் லீவு. மருதானையில் இறங்கி, பையில் தாங்கியோடு, பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தை வரை நடை. தலை வெடிக்கும் வெயில்.

முதல் கடை. முதலாளி ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தென் ஏவா கவுருத் கன்னே நே, மிஸ்." இப்போது யாரும் வாங்குவதில்லையாம். இரண்டாவது கடையில் கார்ச் சாமான் மட்டும். மூன்றாவது, சந்துக்குள், ஒரு முஸ்லிம் நானா. தலைக்கு மேலே கொழுவியிருந்த பைகளில் ஒன்றை எடுத்துக் கொட்டினார். உள்ளே முழுக்க லெதர்!

"இது லாம்புக்குப் போடுறது மிஸ். அடுப்புக்கும் சரி வரும். ரெண்டா எடுங்க."

"ஒண்டு காணும் நானா."

"மொத தரம் போடுறீங்கதானே? ஒண்ணு கிழிப்பீங்க. ரெண்டா எடுங்க."

நீளமான குழாய்ச் சாவி அவரிடம் இருந்தது. தாங்கியை இரண்டு பாதத்துக்கும் இடையில் பிடித்து ஒரு திருகு. வால்வ் கையில். உள்ளே இருந்த ரப்பர் கல்லாகி, நடுவில் குழி.

"இந்த ரப்பர் தனிய வாறதில்ல. ஏதாச்சும் வெட்டிப் போடுங்க. லெதர எண்ணெயில ஊற வச்சிப் போடுங்க, ஒடனே போடாதீங்க."

சாவியை இரவல் கேட்டேன். தந்தார்! பெயர்கூடக் கேட்கவில்லை. வெள்ளவத்தை என்று மட்டும் சொன்னேன்.

பெப். 12, வியாழன்

லெதரை எண்ணெயில் ஊறப் போட்டாயிற்று, ஊறுகாய்ப் போத்தல் மூடியில். வால்வ் ரப்பருக்கு லாப்பில் அச்செடுக்கிற சிலிக்கனில் ஒரு துண்டு வெட்டினேன். இளஞ்சிவப்பு. அழகோ அழகு. வட்டம் பிசகவில்லை, ஆயிரம் பல் செய்த கை.

மண்ணெண்ணெயில் போட்டுவிட்டுப் படுத்தேன். பார்க்கலாம்.

பெப். 13, வெள்ளி

வீங்கிப்போயிருந்தது. ஒன்றரை மடங்கு. மண்ணெண்ணெயைக் குடித்துக் குண்டாகிவிட்டது. தொட்டால் பிய்கிறது. ஆயிரம் பல் செய்த கை!

கீழே மோட்டார் சைக்கிள் திருத்துகிற மஞ்சுவிடம் போனேன். பெற்றோல் படுகிற இடத்துக்குப் போடும் கறுப்பு ரப்பரில் ஒரு கீலம் தந்தான். திரும்ப ஊறப் போட்டேன். யாழி: "அம்மா, வீடு முழுக்க மண்ணெண்ணெய் மணம். என்ர யூனிஃபோர்மும் மணக்குது." அடுத்த வீட்டு மிஸிஸ் பெரேராவும் கதவு தட்டிக் கேட்டார்.

பெப். 14, சனி

கறுப்பு ரப்பர் வீங்கவில்லை. மிளகளவு வெட்டி, வால்வுக்குள் வைத்து, நானாவின் சாவியால் இறுக்கினேன். லெதர்: முதலாவதைக் கிழித்தேன். நானா வாக்கு. இரண்டாவது சரி. விளிம்பைப் பெருவிரலால் மெல்ல மெல்ல விரித்து, குழாய்க்குள் சரித்துச் செருகி, சுற்றி உள்ளே விடவேண்டும். நேராகத் தள்ளினால் மடிந்துவிடும்.

அடி. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் கை எதிர்ப்பை உணர்ந்தது. பத்தில் தள்ளவே முடியவில்லை. பால்கனியில் வைத்துப் பற்றவைத்தேன். முதலில் மஞ்சளாகப் புகைந்து, பிறகு ஒரு உறுமல், நீலம். நீலம்! ஒரு கேத்தல் தண்ணீர் நாலு நிமிடத்தில். சந்தோஷத்தில் கைதட்டினேன், தனியாக நின்று, விசரி மாதிரி.

ரா. அந்தத் தேத்தண்ணீரைக் குடித்தார். நல்லாயிருக்கு என்றார். பிறகு, "பார்த்தீரோ, அடுப்பில பிழையில்லை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

சந்தோஷம் போயிற்று. அதே பேச்சு. இங்கே பத்து அடியில் ஏறுகிறது. அங்கே?

அங்கே இருந்து இங்கே இல்லாதது என்ன? 1. உயரம். 2. ஈரம். 3. குளிர். உயரத்தையும் ஈரத்தையும் வெள்ளவத்தையில் எங்கே எடுக்க? குளிர் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

பெப். 15, ஞாயிறு

சிவராத்திரி. விரதம். வீட்டில் சமையல் இல்லை, கறிச்சட்டி ஒன்றும் இல்லாமல் ஃபிரிட்ஜில் நடுத்தட்டு காலி. இதைவிட நல்ல நாள் கிடையாது.

மண்ணெண்ணெயை வடித்து, தாங்கியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பேப்பரில் சுற்றி, பம்போடு உள்ளே வைத்தேன். யாழி கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடினாள். "அப்பா, அம்மா அடுப்பை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிருக்கிறா." ரா.: "விரதம். தலையில ஏறியிருக்கும்."

இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தேன். பித்தளை வியர்த்தது. அடித்தேன்.

ஒன்றுமில்லை. வெறும் தண்டு, போகிறது, வருகிறது. இருபது அடி, முப்பது அடி. காற்று ஏறவில்லை. மலையில் சுதன் கையில் இருந்தது இதுதான், இதே பம்ப்.

கழற்றினேன். லெதர் மட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. விளிம்பு விரியவில்லை, சுவரில் ஒட்டவில்லை. மடிப்பெல்லாம் வெள்ளையாக மெழுகு.

உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தேன். வெள்ளை கரைந்தது. லெதர் இளகியது. திரும்பப் போட்டு அடித்தேன். ஏறியது!

நான் ஊறப் போட்டது தேங்காயெண்ணெயில். இந்த வீட்டில் எண்ணெய் என்றால் வேறென்ன? கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். நுவரெலியா ஹொட்டலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மெழுகாகக் கட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்தவள் நான். கொழும்பில் முப்பத்தொரு பாகை வெயிலில் இருந்துகொண்டு யாருக்கு அது நினைவு வரும்?

நுவன் தப்பினான். வேறு எண்ணெய் போடவேண்டும். இன்றைக்கு விழித்திருக்க வேறு காரணம் தேவையில்லை.

பெப். 16, திங்கள்

நித்திரை இல்லை. லாப்பில் இரண்டு பல் திரும்பச் செய்ய நேர்ந்தது.

சுதன் அன்றைக்குப் போட்டது மெஷின் எண்ணெய். திரும்பத் திரும்பச் சொன்னான். "மெஷின் எண்ணெய்தான் அத்தான் போட்டனான்." மெஷின் எண்ணெய் குளிரில் கட்டுமா? நாளை பார்க்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் வீட்டில் இருக்கிறது.

பெப். 17, செவ்வாய்

மெஷின் எண்ணெய். மிச்சமிருந்த எண்ணெயை லெதரிலிருந்து வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் எடுத்து, காயவைத்து, மெஷின் எண்ணெய் ஊற்றி, ஃபிரிட்ஜில் இரண்டரை மணித்தியாலம். யாழி: "தயிர் மணக்குது அம்மா."

எட்டு அடி. கல்லு மாதிரி ஏறியது.

அப்படியென்றால் சுதனின் பம்ப் நின்றிருக்கக் கூடாது.

இதை எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தது. எழுதுகிறேன். பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம். அடுப்புப் பெட்டி ஹோலில். நான் யாழிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். அவள் எழும்பிப்போன பிறகு சும்மா பெட்டியைத் திறந்து தண்டை இழுத்துப் பார்த்தேன். கிறீச் என்றது. காய்ந்து கிடக்கு, பாவம், என்று நினைத்தேன். மூடியைத் திருகி, உள்ளங்கையில் மிச்சமிருந்த எண்ணெயை லெதர் முழுக்கத் தடவினேன். நல்லா, தாராளமாக. மூடினேன். கையைப் பின்னலில் துடைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருந்தது? பருப்புக்கு உப்புப் போட்டதை யாராவது சொல்வார்களா?

மூன்று வருடம் அது என் நினைவிலேயே இல்லை. நேற்று முன்தினம் லெதரைப் பொத்திப் பிடித்திருந்தபோது கையில் வந்த மணம். யாழியின் தலை மணம்.

நான்தான். நான்தான். நான்தான்.

பெப். 18, புதன்

ராஜன். (முழுதாக.)

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். ஃபிரிட்ஜ், மெழுகு, மெஷின் எண்ணெய், தலைக்கு வைத்த எண்ணெய், எல்லாம். ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடிந்ததும் சத்தத்தைத் திரும்பக் கூட்டினார்.

"எண்ணெயில என்னப்பா கிடக்கு. சின்ன விசயம்."

"உங்களுக்குச் சின்ன விசயம். அவன்ர தொழில் போச்சு."

"இப்ப போய்ச் சொல்லி என்ன? அவனும் மறந்திருப்பான்."

"மறந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பான்."

"அப்ப நான் அவனிட்ட மன்னிப்புக் கேக்கோணும் எண்டுறீர்."

"நான் அதைச் சொல்லேல்லை."

"சொல்லாமச் சொல்லுறீர்."

உண்மையில் நான் நினைத்தது வேறு. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் இல்லை, லாப்பிலிருந்து வீடு வரும்வரைக்கும் முழு பஸ் பயணமும் அதே நினைப்புத்தான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெப். 19, வியாழன்

கொட்டாஞ்சேனை. புறக்கோட்டையில் பஸ் மாறி. வெயிலில் சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. சேலை ஏன் கட்டினேனோ.

சுதன் கவுண்டரில். ஒரு ஐயாவின் லண்டன் பார்சலை நிறுத்துக்கொண்டிருந்தான். முன்தலையில் நரை. முப்பத்தாறு வயது. என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை. "இருங்கோ அக்கா." பார்சலைக் கட்டி முடித்து, அந்த ஐயாவுக்கு விலாசம் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தான். பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் இரண்டு பிளேன் ரீ.

"ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?"

"எல்லாரும் சுகம். ஒரு விசயம் சொல்லோணும்."

சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. பின்னலில் கை துடைத்ததில் தொடங்கி ஃபிரிட்ஜில் முடித்தேன். நான் முடித்ததும்,

"எனக்கு அண்டைக்கே தெரியும்."

"என்ன?"

"மலையில கழட்டிப் பார்த்தனான்தானே. வெள்ளையாக் கட்டியிருந்தது. மணந்து பார்த்தனான். உங்கட வீட்டுத் தலையெண்ணெய், வெந்தயம் போட்டது. சூடாக்கினா இளகும் எண்டு விளங்கினது. அதுக்குள்ள பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கீட்டுது."

"பிறகு ஏன்ரா நீ சொல்லேல்லை?"

அவன் கோப்பையைச் சுற்றினான். "நீங்கள் சொல்லுவியள் எண்டு பார்த்தனான்."

எனக்கு விளங்கவில்லை. விளங்க நேரம் எடுத்தது. அவன் பொறுமையாக, பார்சல் விலாசத்தைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, "ஆஸ்பத்திரியில அத்தான் பேசேக்க உங்களைப் பார்த்தனான். நீங்கள் கீழ பார்த்தியள். சரி, அக்காவுக்குத் தெரியும், அத்தானுக்குப் பயத்தில சொல்லேல்லை எண்டு நினைச்சன். ஒரு கிழமையில சொல்லுவா எண்டு இருந்தன். பிறகு ஒரு மாசம்."

மூன்று வருடம்! என் தம்பி என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டு மூன்று வருடம் பார்சல் கட்டியிருக்கிறான். ரா.வின் பேச்சுக்கு அவன் ரோஷப்பட்டு வராமல் இருக்கிறான் என்று நான் நினைத்திருக்க, அவன் வராததற்குக் காரணம் ரா. இல்லை. நான்.

"எனக்குத் தெரியாது சுதன். சத்தியமாத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்."

"உண்மையாவோ?"

"கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணட்டோ?"

"வேண்டாம் அக்கா." தேத்தண்ணீர் முழுதாகக் கிடந்தது. "கவுண்டரில ஆளில்லை. நான் போறன்." போய்விட்டான்.

நம்பினானா? தெரியவில்லை. வரும்போது முதலில் அவன்மேல் கோபம் வந்தது. என்னைப் பற்றி எப்படி அப்படி நினைக்கலாம்? பம்பலப்பிட்டி தாண்டியதும் கோபம் போய்விட்டது. நான் அன்றைக்குத் தரையைத்தான் பார்த்தேன். காரணம் எதுவோ, அவன் கண்டது அதைத்தான்.

பெப். 20, வெள்ளி

ஃபோன் இல்லை. நானும் எடுக்கவில்லை.

நானாவின் சாவியை அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யாழிக்குக் கணிதத்தில் 48. இறால் வாங்கவில்லை, எல்லாம் ஐஸில் வைத்த பழைய இறால்.

ரா. குசினி வாசலில் வந்து நின்று, "போனீரோ?" என்றார். ஓம் என்றேன். "என்ன சொன்னவன்?" எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, நானாகச் சொல்வேன் என்று மூன்று வருடம் பார்த்துக்கொண்டு இருந்தவனாம் என்றேன். ரா. உள்ளே வந்தார். தண்ணீர் குடித்தார். திரும்பவும் குடித்தார்.

பெப். 21, சனி

காலை ஏழரை, கதவு மணி. பால்காரன் என்று நினைத்துத் திறந்தேன். சுதன்.

"ஃபிரிட்ஜில வைச்சுக் காட்டுங்கோ."

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். வணக்கம் இல்லை, சுகமா இல்லை. யாழி ஓடிவந்து "மாமா!" என்று கட்டிப்பிடித்தாள், அவன் கண் அப்போதுதான் கலங்கியது. ரா. பேப்பரோடு கதிரையில். எழும்பவும் இல்லை, பேப்பரைத் திருப்பவும் இல்லை.

நானா தந்த இரண்டாவது லெதர் பம்பில் இருந்தது, அதை இதற்குத் தர முடியாது. நுவனுக்குப் போகவேண்டியது. கிழிந்த முதலாவதை வெட்டிச் சரிப்படுத்தி, தண்டில் போட்டு, தேங்காயெண்ணெய் தடவினேன். சுதன் வாங்கி முதலில் அடித்துப் பார்த்தான். சுமாராக ஏறியது. "சரி. இப்ப வையுங்கோ."

ஒன்றரை மணித்தியாலம். நாலு பேரும் ஹோலில். மாத்தறை ரெயில் போனது, யன்னல் அதிர்ந்தது. யாழி இரண்டு தரம் ஃபிரிட்ஜைத் திறக்கப் போய் இரண்டு தரமும் ஏச்சு வாங்கினாள்.

எடுத்தேன். சுதனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, நேரே ரா.விடம் கொண்டுபோனான்.

"நீங்கள் அடியுங்கோ அத்தான்."

ரா. அடித்தார். வெறும் தண்டு. பத்து அடி. இருபது. நெற்றி வியர்த்தது, விடவில்லை, முழங்காலில் தாங்கியை வைத்து இன்னும் வேகமாக அடித்தார். நாற்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை.

"காணும் அத்தான்," என்றான் சுதன்.

ரா. தாங்கியைக் கீழே வைத்தார். கையில் ஈரம். "அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. அதுவும் எல்லார் முன்னால. என்னை மன்னிச்சுக்கொள் சுதன்." இருபது வருடக் கலியாணத்தில் இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பெயரும் சொன்னார்.

சுதன் தலையாட்டினான். அவன் பார்த்தது என்னை.

"உங்களுக்குத் தெரியாதுதான், என்ன."

கேள்வி இல்லை அது. "தெரியாதடா," என்றேன். அழுதுவிட்டேன். யாழி பேப்பரைத் தந்தாள் முகம் துடைக்க, ரா.வின் பேப்பரை.

பத்து மணிக்கு நுவன் கீழே வந்து ஹோன் அடித்தான். மெஷின் எண்ணெய் போட்ட நல்ல லெதரை மாற்றினோம். சுதன்தான் மாற்றினான், என்னைவிட வேகம், கிழிக்கவில்லை. அவனே அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினான், எப்படிப் பற்றவைப்பது என்று காட்ட. பால்கனியிலிருந்து பார்த்தேன். வானின் பின்கதவைத் திறந்துவைத்துச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தான், கையை மலை மாதிரி உயர்த்தி, பாதையை விரலால் வளைத்து. ஐந்து நிமிடம், பத்து, கால் மணி. நுவனின் மனைவி இறங்கிவந்து ஏதோ கேட்டார், சுதன் இல்லை இல்லை என்று தலையாட்டினான், நுவன் அவன் தோளில் கைபோட்டான்.

ரா. எனக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னவாம்?"

படி ஏறிவரும் சத்தம். இரண்டு இரண்டு படியாக. சுதன் வாசலில், மூச்சு வாங்க.

"அக்கா, அவைக்குப் பாதை தெரியாதாம். என்னையும் வரட்டாம். ஒரு சுவெற்றர் இருக்கோ? அத்தான்ர எண்டாலும் பரவாயில்லை."

நான் அசையமுதல் ரா. அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். மூன்று எடுத்து வந்து சுதனிடம் நீட்டினார்.